புறப்பட்ட கரைக்கே திரும்பியவை

அன்புள்ள சாமு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. யாருக்கும் வாடகைக்கு விடவில்லை, விடப்போவதும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டவுடனேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன்? "ஏன், லீவு கிடைச்சிருக்கா?" என்று கேட்டேன். லைன் போய்விட்டதோ என்று நான் இரண்டு தடவை ஹலோ சொன்னேன். "சும்மாதாம்மா கேட்டேன்" என்றாய். பிறகு ஹாம்பர்க் மழையைப் பற்றியும் அங்கே கடையில் விற்கிற பரோட்டா பாக்கெட்டைப் பற்றியும் ஏதேதோ பேசிவிட்டு வைத்துவிட்டாய். வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஏழு வருடம் கழித்து, இந்த வீட்டில் வந்து தங்கலாமா என்று நீ கேட்டிருக்கிறாய். நானோ ஏழு வருடத்துக்கு முந்தைய அதே வார்த்தையை எடுத்து உன்மேல் வீசியிருக்கிறேன்.

திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்பாய். நாலு தடவை போனைக் கையில் எடுத்தேன். போனில் நான் பேசுகிற அழகு உனக்குத் தெரியாததா? பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடும், இல்லாவிட்டால் உனக்கு ஏதாவது மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், ஒரு டீ போட்டுக்கொண்டு உட்கார். அங்கே உனக்கு வேலை போய்விட்டதா, நீயே விட்டுவிட்டாயா, இல்லை வெறுமனே அலுத்துப்போய்விட்டதா, எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தில் அதைக் கேட்கப்போவதும் இல்லை. நான் கேள்வி கேட்காமல் ஒரு பக்கம் தாண்டுவதே உனக்கு அதிசயமாக இருக்கும், அனுபவித்துக்கொள்.

வீடு எப்படி இருக்கிறது என்று நீ கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. அவர் இருந்தபோது இந்த வீட்டில் எப்போதும் ஏதாவது சத்தம் இருந்துகொண்டே இருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் டியூஷன் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருப்பார், அல்லது குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். இப்போது காலையில் பால் பாக்கெட் விழுகிற சத்தம், பிறகு குக்கர். அரை டம்ளர் அரிசிக்குக் குக்கர் எதற்கு என்று தோன்றும், ஆனால் அந்த விசில் வேண்டியிருக்கிறது. சாயங்காலம் மார்க்கெட் பக்கம் போய்க் கீரைக்காரம்மாவிடம் "எஷ்டு?" என்று விலை கேட்கும்போது குரல் கரகரவென்று வரும். காலையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது அப்போதுதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறேன். நீ நாலு மணிக்குத்தான் கூப்பிடுவாய் என்று தெரிந்தும்.

போன மழைக்காலத்தில் வலது கண்ணுக்குக் கேடராக்ட் ஆபரேஷன் செய்துகொண்டேன். உன்னிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கன்னடத்தில் "ஜொதெகெ யாரு பந்திதாரெ?" என்று கேட்டாள். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று. நான் பக்கத்தில் நின்ற பெண்ணைக் காட்டி "நம்ம உடுகி" என்று கூசாமல் பொய் சொன்னேன். நம் வீட்டுப் பெண்ணாம். அவள் பெயர் ஜெனிட்டா. தூத்துக்குடிக்காரி, இங்கே ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள், பி.ஜி. விடுதியில் தங்கியிருக்கிறாள். அவள் யார், எப்படி வந்தாள் என்பதைச் சொல்லத்தான் போகிறேன். அவளால்தான் இந்தக் கடிதமே. ஆனால் அதற்கு முன்னால் உன்னுடைய அந்த எட்டு மாதத்தைப் பற்றிப் பேசிவிட வேண்டும்.

கனடாவில் டாக்டர் பட்டப் படிப்பை இரண்டு வருடத்தில் விட்டுவிட்டு நீ வந்து இறங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் பெட்டிகளை எண்ணினேன். மூன்று பெட்டி. லீவில் வருகிறவன் மூன்று பெட்டியோடு வரமாட்டானே என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாளே பாஸ்டரிடம் "லீவ்ல வந்திருக்கான்" என்று சொன்னேன். இஸ்திரிக்காரரிடம், எதிர்வீட்டில், கிறிஸ்மஸுக்கு வந்த உன் சித்தி குடும்பத்திடம், எல்லோரிடமும் லீவுதான். யாராவது உன்னைப் பார்த்துக் கேட்டால் நீ வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொல்லிவிடுவேன். உன் பெட்டிகளைப் பிரிக்கவிடவில்லை. "எப்படியும் கிளம்பணுமே, எதுக்கு எல்லாத்தையும் எடுத்து வெளியில வெக்கிற?" என்று சொன்னேன். எட்டு மாதம் நீ பெட்டியிலிருந்தே சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாய். காலையில் காபி டம்ளரை உன் கையில் கொடுக்கும்போதெல்லாம் "அடுத்து என்ன?" என்று கேட்டேன். பொழுது விடிந்தால் அந்தக் கேள்வி. காபியே உனக்குப் பிடிக்காமல் போனதற்கு நான்தான் காரணம் என்று அப்பா ஒருமுறை சொன்னார். அவர் வேறொன்றும் சொன்னார். "புள்ள வீட்டுக்கு வந்திருக்கான். அதுக்கு எதுக்கு ஒரு பேரு வெக்கிற?" நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

எல்லோரும் என்னிடம் "லீவு எப்ப முடியுது?" என்று விசாரித்தார்கள். நம்பிவிட்டார்கள் என்று எனக்கு அவ்வளவு நிம்மதி. நீ அதிகாலையில் நடக்கப் போய்விட்டுத் தெருவில் நடமாட்டம் தொடங்குவதற்குள் திரும்பிவிடுவாய். உனக்கு அந்த நேரத்துக் குளிர் பிடித்திருக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பிறகு ஹாம்பர்கில் சரக்குக் கப்பல் கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்தது. அது உனக்குப் பிடித்த வேலையில்லை என்று தெரிந்தும், தெரு முழுக்கக் கேக் வாங்கிக் கொடுத்தேன். ஏர்போர்ட்டில் அப்பாவிடம் வெகுநேரம் பேசினாய். என்னிடம் வந்து "சரிம்மா, லீவு முடிஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன், சாமு. வீடு வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டுதான் வந்தேன்.

அப்பா இறந்தபோது வந்தாய். வைட்ஃபீல்டில் சர்வீஸ் அபார்ட்மெண்ட் எடுத்துத் தங்கினாய். ஆபீஸ் வேலை இருக்கிறது, நல்ல இன்டர்நெட் வேண்டும் என்றாய். அடக்கத்துக்கு அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம் டிராஃபிக்கில் வந்து நின்றாய். சொந்த அப்பாவின் சாவுக்கு வந்த பிள்ளை சொந்த வீட்டில் தூங்கவில்லை. வந்தவர்கள் கேட்டார்கள். நான் அவர்களுக்கும் இன்டர்நெட் கதையைத்தான் சொன்னேன். பழகிவிட்டது.

இனி ஜெனிட்டாவுக்கு வருகிறேன். அம்மா ஆபீஸில் என்ன செய்தாள் என்று உனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். காற்றையும் கடல் நீரோட்டத்தையும் கணக்குப் போடுகிற புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். நீ ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் எங்கள் ஆபீஸைத் தேடி வந்தார். கடலுக்கு அக்கரையில், மலாய்ப் பக்கம் தோண்டுகிற இடங்களில் நம் ஊர்ப் பானை ஓடு கிடைக்கிறது. அப்படியானால் நம் கரையிலிருந்து கப்பல் போயிருக்கிறது. எந்த மாதத்தில் கிளம்பியிருப்பார்கள், எத்தனை நாளில் சேர்ந்திருப்பார்கள் என்று கணினியில் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். எனக்கு முடியாதது என்று அப்போது எதுவும் இல்லை.

வேலை இதுதான். வங்காள விரிகுடாவைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் இன்ன நாளில் காற்று எந்தப் பக்கம் அடிக்கும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று எண்களைப் போட வேண்டும். அந்தக் காலத்துப் பாய்க்கப்பல் காற்றுக்கு எவ்வளவு நகரும், எவ்வளவு பக்கவாட்டில் நழுவும் என்று விதி எழுத வேண்டும். பிறகு நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து கப்பல்களை ஒவ்வொரு நாளாக அனுப்ப வேண்டும். கப்பல் என்றால் திரையில் ஒரு புள்ளி. ஆயிரக்கணக்கில் புள்ளிகள் கிளம்பும். இப்படிச் செய்வதால் பழங்காலத்தில் இன்னார் இப்படித்தான் போனார்கள் என்று நிரூபித்துவிட முடியாது. போயிருக்க முடியுமா, முடியாதா என்று மட்டும் பார்க்கலாம். தென்மேற்குக் காற்று நிலையாக அடிக்கிற மாதங்களில் புள்ளிகள் ஒழுங்காகக் கிழக்கே போய்ச் சேர்ந்தன. காற்று மாறுகிற மாதங்களில் குழம்பின. அந்த மாதங்களில் அக்கரைப் பயணம் நடந்திருக்கவே முடியாது என்று எழுதிக் கட்டுரையும் வெளியிட்டோம். பேராசிரியர் இப்போது இல்லை. கட்டுரை மட்டும் இன்னும் இருக்கிறது, அதைப் படித்துவிட்டுத்தான் ஜெனிட்டா என் நம்பரைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டாள். பழைய புரோகிராம் வேண்டுமாம்.

சனிக்கிழமை காலைகளில் பஸ் பிடித்து வருவாள். சாப்பாட்டு மேஜைமேல் அவளுடைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்காருவோம். நான் எழுதியதை நானே படிக்கத் திணறினேன். இரண்டு மூன்று வாரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரு சனிக்கிழமை அவள் தோசையைப் பிய்த்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"மேடம், இந்தக் கப்பல்லாம் முங்கலயே. கெளம்புன கரைக்கே திரும்பி வந்துருக்கு. இதுக்கு ஏன் பூஜ்யம் போட்டுருக்கீங்க?"

"அக்கரை சேரலையே. சேர்ந்தா ஒண்ணு, சேரலைன்னா பூஜ்யம். அவ்வளவுதான்."

"அப்ப நடுக்கடல்ல காணாமப் போனதும் பூஜ்யம், வீட்டுக்கு வந்து சேந்ததும் பூஜ்யமா?"

"ஆமா. நமக்கு வேண்டியது அக்கரை போச்சா இல்லையாங்கறதுதானே?"

அவள் சிரித்துவிட்டாள். மரியாதைக் குறைவாக இல்லை, நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "அப்படிப் பாத்தா எங்க அப்பா வாரத்துல ரெண்டு நாள் முங்கிருக்கணும் மேடம். காத்து சரியில்லன்னா பாதிக் கடல்லயே திரும்பிருவாவ. அதனாலதான் இன்னைக்கும் உசுரோட இருக்காவ."

"வெறுங்கையோடவா?"

"வெறுங்கையோடதான். அம்மா ஒண்ணும் கேக்க மாட்டாவ. சோத்தப் போட்டுருவாவ."

எனக்குக் கோபம் வந்தது. அரை மணி நேரம் அவளோடு சண்டை போட்டேன். அந்தக் காலத்துக் கணினியில் இடம் எவ்வளவு குறைவு தெரியுமா, ஒவ்வொரு கப்பலுக்கும் கதை எழுதிக்கொண்டிருக்க முடியுமா, கேள்வி என்னவோ அதற்குத்தான் பதில் எழுத முடியும் என்று எல்லாம் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு நான் அந்த வரியைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். கப்பல் புறப்பட்ட கரையைத் தொட்டால் அதைக் கடலிலிருந்து நீக்கிவிடு, பூஜ்யம் போடு. என் கையால் எழுதியது. இடப் பற்றாக்குறை என்று அவளிடம் சொன்னது பொய். திரும்பி வந்த கப்பல் எனக்கு அப்போது தோற்ற கப்பல், அவ்வளவுதான். வேறு மாதிரி எழுதலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை மாற்றினோம். திரும்பி வந்தவற்றுக்கு 'இரண்டு' என்று புதிதாக ஓர் எண் கொடுத்தோம். திரும்பிய கப்பல் கொஞ்ச நாள் கரையில் இருந்துவிட்டு, காற்று சரியானால் மறுபடி கிளம்பலாம் என்று ஒரு விதியும் சேர்த்தோம். மதியம்வரை ஓடியது. நான் மூழ்கியதாக இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்த கப்பல்களில் பெரும்பாலானவை மூழ்கவே இல்லை, சாமு. ஆள் பிழைத்து, கப்பல் பிழைத்து, கரையில் நின்றன. பல இரண்டாம் தடவையிலோ மூன்றாம் தடவையிலோ அக்கரை சேர்ந்தன. முடியவே முடியாது என்று நான் அடித்துச் சொன்ன மாதங்களில்கூட. சில மறுபடி கிளம்பவே இல்லை, கரையிலேயே இருந்துவிட்டன. அவற்றுக்கும் அவள் பூஜ்யம் போடவில்லை. நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அழுதேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. அழுதேன்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நம் வீட்டில் உன் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு இருபத்திரண்டு வயதில் கல்கத்தாவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. இங்கே மர்பி டவுனில் எங்கள் தெருவிலிருந்து அவ்வளவு தூரம் படிக்கப் போன முதல் பெண் நான்தான். தெருவே கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு வந்து வழியனுப்பியது. பத்தொன்பதாவது நாள் திரும்பி வந்துவிட்டேன். யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை. மொழி தெரியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, ஹாஸ்டல் அறையில் சாயங்காலம் ஆனால் மூச்சு முட்டியது. தந்தி அடித்துவிட்டு ரயில் ஏறிவிட்டேன். என் அப்பா ஃபேக்டரியில் ஃபிட்டர், அரை நாள் லீவு போட்டு ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். எங்கள் தெருவுக்குள் ஆட்டோ நுழையாது. முனையில் இறங்கி, என் டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். குழாயடியில் கூட்டம். "இன்னாணா, பொண்ணு ரிட்டன் வந்துட்ச்சா?" என்று ஒருவர் கேட்டார். என் அப்பா நின்று, பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு, "ஆமா, வந்துட்டா" என்றார். இன்னும் நாலு வீடு தள்ளி இன்னொருவர் கேட்டார். அதே பதில்.

அன்றைக்கு நான் அவரை வெறுத்தேன். ஒரு சின்னப் பொய் சொன்னால் என்ன? பரீட்சை தள்ளிப்போய்விட்டது, காய்ச்சல், லீவு, ஏதாவது ஒன்று. மகளுக்காக அதுகூடச் செய்ய மாட்டாரா என்று பல வருடம் மனதுக்குள் வைத்திருந்தேன். நாளைக்கு எனக்கு ஒரு பிள்ளை இப்படி வந்தால் தெருவில் தலைகுனிய விடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். நீ மூன்று பெட்டியோடு வந்து நின்றபோது, எனக்குக் கிடைக்காததை உனக்குக் கொடுத்தேன் என்று சத்தியமாக நம்பினேன். வஞ்சகமாகச் செய்யவில்லை. ஆனால் இதையும் கவனி. என் அப்பா அப்படிச் சொன்ன பிறகு எங்கள் தெருவில் இரண்டு நாளைக்கு மேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் மூன்றாம் நாள் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்தேன். அடுத்த வருடம் இங்கேயே சேர்ந்து படித்தேன். உன்னையோ எட்டு மாதம் பெட்டிக்குள் வைத்திருந்தேன்.

நீ புத்திமதி கேட்கவில்லை, தெரியும். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், வயதானவளுக்கு இந்தச் சலுகையைக் கொடு. அங்கேயே இருப்பதானால் இரு. வருவதானால் வா. அம்மா தனியாக இருக்கிறாளே என்று கணக்குப் பார்த்து முடிவெடுக்காதே. நான் தனியாக இருப்பதால் உன்னைக் கூப்பிடவில்லை. இந்த வரியை எழுதிவிட்டு நிறுத்திப் படித்துப் பார்த்தேன், பொய்யாக இருக்கிறது. அதற்காகவும்தான் கூப்பிடுகிறேன். சாயங்கால வேளையில் வீட்டில் யாராவது நடமாடினால் நன்றாக இருக்கும். ஆனால் அது என் பாடு, உன் முடிவுக்குள் அதைக் கொண்டுவராதே. வந்து என்ன செய்வாய் என்று கேட்கமாட்டேன். கேட்டுவிட்டால், கேட்டுவிடுவேன், என் நாக்கு எனக்குத் தெரியும், நீ பதில் சொல்லாமல் எழுந்து போய்விடு.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அச்சான கட்டுரையில் தப்பு இருந்தால், அதே பத்திரிகைக்கு எழுதி, அங்கேயே திருத்தம் போடச் சொல்ல வேண்டும். தப்பைச் சொன்ன இடத்தில்தான் திருத்தத்தையும் சொல்ல வேண்டும், வேறெங்கோ ஒரு மூலையில் முணுமுணுத்தால் செல்லாது. ஜெனிட்டாவும் நானும் அப்படி ஒன்று எழுதி அனுப்பிவிட்டோம். அனுப்பிய பிறகும் எனக்கு மனசு அடங்கவில்லை. இன்னொரு திருத்தம் பாக்கி இருந்தது. அதையும் சொன்ன இடத்திலேயே சொல்ல வேண்டும். அதனால் நேற்று வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததும், சர்ச் வாசலில் ஸ்டெல்லா அக்காவைப் பிடித்தேன். எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்காதான், ஏழு வருடத்துக்கு முன்னால் நான் முதலில் பொய் சொன்னவர்களில் ஒருத்தி. கூட இன்னும் மூன்று நாலு பேர் நின்றார்கள். எனக்கு வயது அறுபத்தேழு, ஏதோ ஸ்கூல் பிள்ளை மாதிரி பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, அன்னைக்கு சாமு லீவ்ல வரல. படிப்ப விட்டுட்டு வந்துட்டான். நான்தான் உங்ககிட்டல்லாம் பொய் சொன்னேன்" என்றேன்.

ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏ, அது எங்க எல்லாருக்கும் அப்பவே தெரியுமே" என்றாள்.

"எப்படி?"

"உம் புள்ளதான் வந்து சொன்னான். ஒரு நாள் காலையில நாங்க எழுந்திரிக்கறதுக்குள்ள வந்து வாசல்ல நின்னான். 'ஆன்ட்டி, நான் படிப்ப வுட்டுட்டேன். அம்மா லீவுன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க. உங்களுக்குத் தெரியும்னு அவங்ககிட்ட காட்டிக்காதீங்க, அவங்களால தாங்க முடியாது'ன்னான். எங்க வீடு மட்டுமில்ல, எல்லார் வீட்டுக்கும் போயிருக்கான். அதான் நாங்களும் உன்னப் பாக்கறப்பல்லாம் லீவு எப்ப முடியுதுன்னு கேட்டுக்கினு இருந்தோம்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருத்தி என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதிகாலைக் குளிர் பிடிக்கும் என்பதால் நீ நடக்கப் போகிறாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அந்தக் காலைகளில், நீ வீடு வீடாகப் போயிருக்கிறாய். உன் தோல்வி என்று நான் நினைத்ததை உன் வாயாலேயே ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறாய். எனக்காக. தெருவே சேர்ந்து எனக்காக நடித்திருக்கிறது, அதைப் பார்த்து நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

மன்னித்துவிடு என்று ஒரு வரியில் எழுதி முடிக்கிற விஷயம் இல்லை இது. ஆனாலும் எழுதுகிறேன், மன்னித்துவிடு. என்னால் தாங்க முடியாது என்று நீ அவர்களிடம் சொன்னாயே, அன்றைக்கு அது உண்மைதான். இப்போது தாங்குவேன். நேற்று எல்லோர் முன்னாலும் நின்று பார்த்துவிட்டேன். இனிமேல் எனக்காக நீ யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டாம், கண்ணா.

அம்மா